வெள்ளி என்று எழுதிய போத்தல்

கமலாசனிக்கு எழுத்து அழகு. சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்த அந்தத் தாதி நோயாளியின் அட்டையில் நாலு வரி எழுதினால், நோயாளியைப் பார்க்க வந்த சனம்கூட நின்று வாசித்துவிட்டுப் போகும். டொக்டர்மாரின் கிறுக்கலுக்கு நடுவில் அது பெரிய ஆறுதல். அந்த எழுத்தே ஒருநாள் ஒரு வீட்டை அழவைக்கும் என்று யார் கண்டது? அவளே காணவில்லை. கண்டிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு. அந்த ஆண்டைப் பற்றிக் கண்டிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வடக்கில் ஒரு யுத்தம், இங்கே இன்னொன்று. விடிந்தால் கடைக் கதவில் ஒரு துண்டுக் கடிதம் ஒட்டியிருக்கும். இன்ன நாள் கடை திறக்காதே, இன்ன நாள் பஸ் ஓட்டாதே. யார் ஒட்டினது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். 'அவங்கள்' என்றால் போதும், எல்லோருக்கும் விளங்கும். மீறினவன் அடுத்த நாள் பாலத்தடியில் கிடப்பான். ஒட்டினவனைத் தேடிப் பிறகு வேறொரு கூட்டம் வரும். அது வாசித்தவனை ஏற்றிக்கொண்டு போகும். தெருவோரம் டயரில் எரிவது யாரென்று பாராமல் பள்ளிக்கூடம் போகப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். என்ன செய்ய, அப்படி ஒரு காலம்.

இந்தச் சீரழிவு போதாதென்று போதைத் தூளும் வந்து சேர்ந்தது. சிங்களத்தில் குடு என்பார்கள். ஈயத்தாளில் கொட்டி, கீழே நெருப்புக் காட்டி, புகையை உறிஞ்ச வேண்டியதுதான். கொழும்பிலிருந்து வந்தது, கண்டி மார்க்கெட்டில் தங்கியது, பிறகு மடவளைக்கும் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கும் ஏறியது. தூளுக்கு அடிமையானவனை ஆஸ்பத்திரிக்கு வா என்றால் எப்படி வருவான்? மடவளையிலிருந்து டவுனுக்கு மூன்று சோதனைச் சாவடி. கை நடுங்கி, மூக்கு ஒழுகி, கண் கலங்கி நிற்கும் இளைஞனைக் கண்டால் ஆமிக்காரன் தூள்காரன் என்றா நினைப்பான்? குண்டு வைக்கப் போகிறவன் என்றல்லவா நினைப்பான்!

அதனால் மருந்தை வீட்டடிக்குக் கொண்டுபோவோம் என்று டொக்டர் நவரட்ணராஜா ஒரு தொண்டு நிறுவனத்தைப் பிடித்து ஒரு பழைய வேன் வாங்கினார். ஆள் கடத்துகிறவர்கள் வருவது வெள்ளை வேனில், அதைக் கண்டால் சனம் ஓடும் என்று அதற்கு நீல நிறம் அடித்தவன் சாரதி இராமையா. ஹந்தானை லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனுடைய தம்பியும் தூளில் விழுந்தவன்தான். ஆனால் வேன் மடவளைக்கு மட்டும்தான் போனது.

"மடவளையில ஆறு பேர். இந்த ஆறு பேரும் நோன்பு மாசம் முடியும்வரைக்கும் ஒழுங்கா மருந்தெடுத்து நிண்டுபிடிச்சால், நான் மேலிடத்தில கதைச்சு வண்டியை ஹந்தானைக்கும் புசல்லாவைக்கும் விடுவன். ஒருத்தன் பிழை விட்டாலும் இதையும் நிப்பாட்டுவினம். விளங்குதோ?" என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

இராமையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "கேட்டுக்கிட்டீங்களா மிஸ்? என் தம்பி கையக் காலக் கட்டி அம்மா லயத்துக் காம்பராவுல போட்டு வச்சிருக்கு. அந்தக் கட்ட அவுக்கிறது மடவளக்காரங்க கையிலதான் இருக்கு" என்றான். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அது சிரிப்பில்லை என்று கமலாசனிக்குத் தெரியும்.

மருந்து ஒரு பாணி, கட்டியான திரவம். கசப்பு. ஒரு நாளைக்கு ஒரு தரம் குடித்தால் தூளுக்கு அலையும் உடம்பு அடங்கும். டொக்டருக்கு ஒரு சட்டம்: தாதியின் கண்முன்னால் குடிக்கவேண்டும், குடித்த பிறகு வாய் திறந்து பெயர், ஊர் சொல்லவேண்டும். வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டுபோய் விற்கிறவனும் இருந்தான், அதனால். கூடிப்போனால் மூச்சையே நிறுத்திவிடும் சாமான் அது. விளையாட்டில்லை.

ஆறு பேரில் கமலாசனிக்குப் பிடித்தவன் ஷிராஸ். இருபத்தாறு வயது. மடவளை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து, தூளால் வேலையைத் தொலைத்தவன். "ஷிராஸ், மடவளை, கட்டுகஸ்தோட்ட, கண்டி, ஏறுங்க ஏறுங்க!" என்று பஸ் மிதிபலகையில் நிற்கிற தொனியில் பெயர் சொல்லுவான். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சு இழுப்பு வருத்தம். "இவனுக்கு நெஞ்சு பலவீனம். ஒரு கரண்டிகூடக் கூடப்படாது, சொல்லிப்போட்டன்" என்று டொக்டர் கமலாசனியிடம் மூன்று தரம் சொல்லியிருந்தார்.

அவனுடைய தாய் ஆஸியா உம்மா. புருஷன் சாஹுல் ஹமீது மவுத்தாகி வருஷம் பத்து. வீட்டில் தாயும் மகனும் மட்டும். மகன் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்றபோதும், தாயின் காதுப்பூவைக் கழற்றிக்கொண்டு போனபோதும் அவனை வெளியே போ என்று சொல்லாத மனுஷி. ஷிராஸ் முதன்முதலாக மருந்து குடித்து ஒரு கிழமை வீட்டில் தங்கியபோது, வேனடிக்கு வந்து கமலாசனியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம ராவைக்கி ஷிராஸ்ட வாப்பாட பேருல குர்ஆன்ல யாசீன் ஓதுற, மகள். வாங்க, ஒரு வாய் திண்டுட்டுப் போங்க."

கமலாசனி வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பார்சல் பேரீச்சம்பழத்தோடு போய் இறங்கினாள். வீடு இருண்டு கிடந்தது. கதவைத் திறந்த ஆஸியா உம்மா ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே ஒரு சிரிப்பு!

"அல்லாஹ்வே! நேத்து ராவு தானே மகள் வெள்ளி ராவு! ஒங்கள எவ்வளவு நேரம் நான் பாத்துட்டு ஈந்த!"

ஷிராஸ்தான் விளக்கினான். "எங்களுக்கு மஃரிப் பாங்கு சொன்னா அடுத்த நாள் பொறந்துட்டு மிஸ். வியாழக்கிழம பொழுது பட்டா அது வெள்ளி. ஒங்களுக்குத் தான் விடியுற வரைக்கும் காத்து ஈக்கணும்."

"அப்ப நான் ஒரு நாள் பிந்தி வந்திட்டன்" என்று கமலாசனியும் சிரித்தாள். மிஞ்சியிருந்த வட்டிலப்பத்தை ஆஸியா உம்மா கோப்பையில் போட்டுக் கொடுத்தாள். அதைச் சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறி வந்தாள் கமலாசனி. அந்தப் பகிடியைப் பிறகு வார்டிலும் சொல்லிச் சிரித்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொள்ளவில்லை.

நோன்பு பிறந்தது. பிறக்கவும் சிக்கலும் பிறந்தது. வேன் வருவது முற்பகல் பதினொரு மணிக்கு. பகலில் தண்ணீரே குடிக்காதவன் பாணி மருந்து எப்படிக் குடிப்பான்?

"வருத்தக்காரருக்கு நோன்பு இல்லை எண்டு உங்கட பள்ளிவாசல் ஹஸ்ரத்தே சொல்லுறார்தானே?" என்று கமலாசனி ஷிராஸிடம் கேட்டாள்.

அவன் வெயிலில் நின்றபடி தலை குனிந்துகொண்டான். "அஞ்சு வருஷம் நோம்பு புடிக்கல மிஸ். தூள் தான் நோம்பு, தூள் தான் பெருநாள். இந்த வருஷம் புடிக்கிறேன் எண்டு உம்மாக்கிட்ட சொன்ன. நடு ரோட்டுல பட்டப்பகல்ல வாயத் தொறந்து குடிச்சா, உம்மா நாளைக்கி எப்புடி வெளிய எறங்குற?"

மற்ற ஐந்து பேரும் அப்படியே. நோன்பை விடு என்றால் மருந்தை விடுவார்கள். மருந்தை விட்டால் தூள். கமலாசனி டொக்டரிடம் போய் நின்றாள். அவர் முதலில் துள்ளினார்.

"நீர் என்ன கதைக்கிறீர்? போத்தலைக் கையில குடுத்து விடுறதோ? இது என்ன இருமல் பாணியோ?"

"டொக்டர், ஒரு நாளைக்கு ஒரு போத்தல். தாய், பெண்சாதியின்ர கையிலதான் குடுப்பன். நோன்பு தொடங்க முந்தி, விடியச் சஹர் சாப்பாட்டோட குடிப்பினம். நான் பொறுப்பு."

கடைசியில் அவர் சம்மதித்தார். "நீர்தான் பொறுப்பு" என்று விரலை நீட்டிச் சொன்னார்.

பதினெட்டு நாள் அது அழகாக நடந்தது. முற்பகல் வேன் வரும், வீட்டுக்கு ஒரு போத்தல். அடுத்த நாள் விடிய நாலரைக்கு, சஹர் சோற்றோடு குடிப்பார்கள். வெற்றுப் போத்தல் திரும்பி வரும். ஆறு பேரும் நோன்பு பிடித்தார்கள். ஷிராஸ் பள்ளிவாசலில் முன் வரிசையில் தொழுவதைப் பார்த்ததாக ஊர் பேசியது. ஆஸியா உம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! காதில் பூ இல்லாமலே அந்த முகம் ஜொலித்தது. இராமையா ஹந்தானைக்குப் போய்த் தம்பியிடம், இன்னும் பன்னிரண்டு நாள்தான் என்று சொல்லிவிட்டு வந்தான்.

பத்தொன்பதாம் நாள், புதன்கிழமை, கட்டுகஸ்தோட்டையில் துண்டு ஒட்டியிருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கடை திறக்கக்கூடாது, எந்த வாகனமும் தெருவில் ஓடக்கூடாது. கடைக்காரர்கள் காலையிலேயே பலகை பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போச்சு" என்றான் இராமையா. "மூனு நாளு மருந்தில்லேன்னா நாலாம் நாளு இவனுக தூளுக்குப் போயிடுவானுக மிஸ். அப்புறம் ஹந்தானையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சேத்துக் குடுத்துட்டு வந்துடுங்க."

கமலாசனி தபால் கந்தோருக்குள் போய் டொக்டருக்கு டெலிபோன் எடுத்துப் பார்த்தாள். லைன் செத்துக் கிடந்தது. கந்தோர்க்காரன் அவளைப் பார்த்து, கெதியாக வீட்டுக்குப் போங்கள் என்று கை காட்டினான். அவள் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். அதிகம் யோசிக்க நேரமில்லை. வீட்டுக்கு நான்கு போத்தலாக இருபத்துநான்கு போத்தல் நிரப்பினாள். ஒன்றோடொன்று மாறிவிடக்கூடாது என்று ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, தன் அழகான எழுத்தில் நாளின் பெயரை எழுதினாள். வியாழன். வெள்ளி. சனி. ஞாயிறு. எழுதி முடித்துப் பார்த்தபோது மனதுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. இனிப் பிழை வராது என்று நினைத்தாளாம்!

ஆஸியா உம்மாவின் கையில் கொடுக்கும்போது சொன்னாள்: "உம்மா, நாளுக்கு ஒண்டு. வியாழனுக்கு வியாழன் போத்தல். வெள்ளிக்கு வெள்ளிப் போத்தல். மாறப்படாது, என்ன?"

"மாறாது மகள். தமிழ் வாசிக்கத் தெரியும் தானே எனக்கு" என்றாள் ஆஸியா உம்மா.

சஹருக்கு என்று கமலாசனி சொல்லவில்லை. பதினெட்டு நாளாகச் சஹருக்குத்தானே கொடுக்கிறாள், அதை என்ன திரும்பச் சொல்வது? பின்னால் ஷிராஸ் நின்றான். முகம் வாடியிருந்தாலும், "ஞாயித்துக்கெழம சந்திப்போம் மிஸ்! போலாம் ரைட்!" என்று வேனின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். இராமையா சிரித்துக்கொண்டே கியர் போட்டான்.

மூன்று நாளும் கண்டி செத்துக் கிடந்தது. ஞாயிறு முற்பகல் நீல வேன் மடவளைக்குப் போனபோது ஐந்து வீட்டுக்காரர்கள் வெற்றுப் போத்தலோடு நின்றார்கள். கமலாசனிக்குப் பெரிய நிம்மதி. ஐந்து வீட்டிலும் ஒழுங்காகக் குடித்திருந்தார்கள். ஆறாவதாக நிற்க வேண்டியவனைத்தான் காணவில்லை.

"ஷிராஸ் எங்க?" என்று கேட்டாள்.

வரிசையில் நின்றவர்களில் ஒருவன் பஹ்மி. ஷிராஸோடு ஒரே பஸ்ஸில் வேலை செய்தவன். அவன்தான் வாயைத் திறந்தான். "தெரியாதா மிஸ்? வெள்ளிக்கெழம மவுத்து. ஜும்ஆத் தொழுகைக்குப் பொறகு அடக்கின."

கமலாசனி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒழுங்கைக்குள் நடந்து ஆஸியா உம்மாவின் வீட்டுக்குப் போனாள். உள்ளே பாயில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஆஸியா உம்மா. அழுது முடித்த முகம். கமலாசனியைக் கண்டதும் எழுந்து வந்து, முன்பு செய்தது போலவே இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வந்தீங்களா மகள். ஒங்களத் தான் பாத்துட்டு ஈந்த."

அறைக் கதிரையில் அவளை இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து ஆஸியா உம்மா சொன்னாள்.

"வியாழன் சஹருக்கு நான் வியாழன் போத்தலக் குடுத்த. பகல் முழுக்கப் புள்ளைக்கி ஏலா. கடை அடச்சிட்டான், ரோட்டுல ஆள் இல்ல, வெடிச் சத்தம் வேற. ஒடம்ப முறுக்கிட்டு, வேர்த்துக்கிட்டு, தூளுக்குப் போயிடுவேன் உம்மா, போயிடுவேன் எண்டு சொல்றான். நோம்ப முறிச்சிடு மகன் எண்டேன். கேக்கல. மஃரிப் பாங்கு சொன்ன. கஞ்சி குடிச்சான். நான் யோசிச்ச, இப்ப வெள்ளி வந்துட்டு தானே, வெள்ளிப் போத்தலக் குடுப்போம், ஏன் புள்ள விடியுற வரைக்கும் வேதனப்படணும் எண்டு. குடுத்த. மகள், ஒங்கட மருந்து மருந்து தான்! ஒரு மணித்தியாலத்துல அடங்கிட்டான். உம்மா, சொகமா ஈக்கி எண்டான். படுத்தான்."

அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது.

"தூள் புடிச்ச நாள்ல ஈந்து அவன் அப்புடித் தூங்கினதே இல்ல. என்ன கொறட்ட! செவரு அதிரும். நான் பக்கத்துல தஸ்பீஹ் மணிய வச்சிட்டு இருந்து கேட்டுட்டு ஈந்த. சந்தோசத்துல எனக்குத் தூக்கமே வரல்ல. பொறகு கொறட்ட அடங்கின. நல்லா அசந்துட்டான் எண்டு நெனச்சிட்டு நானும் சாஞ்ச. சஹருக்கு எழுப்பப் போனா…" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இழுப்பு தான் எண்டு எல்லாரும் சொல்ற. நோம்பு மாசம், வெள்ளிக்கெழம மவுத்து. ஆருக்குக் கெடைக்கும் மகள்?"

கமலாசனியின் விரல்கள் மடியில் தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தன. விடிய நாலரை. பின்னேரம் ஆறரை. பதினாலு மணித்தியாலம். ஒரே நாளில் இரண்டு. ஐயோ கடவுளே! வட்டிலப்பத்தின் இனிப்பு அந்த நேரத்தில், அந்த வீட்டில், அவளுடைய நாக்கில் வந்து நின்றது.

ஆஸியா உம்மா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து இரண்டு போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள். சனி. ஞாயிறு. பிளாஸ்டர்கூடக் கசங்கவில்லை. "இது மிச்சம். மத்தப் புள்ளயளுக்கு ஒதவும்" என்றாள். பிறகு, சும்மா கேட்பது போலக் கேட்டாள். "நான் சரியாத் தானே குடுத்த, மகள்?"

கமலாசனி அந்தக் கண்ணைப் பார்த்தாள்.

"ஓம் உம்மா. சரியாத்தான் குடுத்தனீங்கள்."

நல்ல மனசு என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். பாதி அந்தத் தாய்க்காகச் சொன்னாள், பாதி தனக்காகச் சொன்னாள். எது கூடுதல் என்று அவளுக்கே தெரியாது.

வேனுக்கு வந்து பின் சீட்டில் விழுந்தாள். இராமையா தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"மிஸ், நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவன் போயிட்டான். திரும்பி வரப் போறதில்ல. ஊரே இழுப்புன்னு சொல்லுது. நீங்களும் இழுப்புன்னு எழுதிடுங்க. நெசத்தச் சொன்னா அந்தம்மாவும் செத்துப் போயிடும், டாக்டரு வண்டியையும் நிறுத்திடுவாரு. அங்க என் தம்பி கயித்துல கெடக்கான்." அவன் இரண்டு கையையும் கூப்பினான். "வாயத் தொறக்காதீங்க மிஸ். கையெடுத்துக் கும்புடுறேன்."

கமலாசனி பதிவுப் புத்தகத்தை எடுத்தாள். ஷிராஸ் என்ற பெயருக்கு நேரே, தன் அழகான எழுத்தில், இழுப்பு என்று எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்தை எழுதியும்விட்டாள்.

அப்போது வேன் கதவை யாரோ தட்டினார்கள். அனீஸா. பஹ்மியின் பெண்சாதி. இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

"மிஸ், நாளைக்கும் நாளண்டைக்கும் மறுபடி துண்டு ஒட்டி ஈக்காம், மே தினமாம். எங்களுக்குப் போத்தல் சேத்துத் தருவீங்க தானே?"

"ம்" என்றாள் கமலாசனி.

"இந்த மொற நான் வெவரமாக் குடுப்பேன் மிஸ். இவருக்கும் பகல்ல சரியான வேதன. சஹர் வரைக்கும் ஏன் வச்சிட்டு ஈக்கிற, மஃரிப் ஆனா அடுத்த நாள் வந்துடும் தானே, அப்பவே குடுத்துடு, அழகாத் தூங்குவான் எண்டு ஆஸியா உம்மா சொல்லித் தந்தாங்க. மிஸ்ஸும் சரி எண்டு சொன்னீங்களாமே? இப்பத் தான் உள்ள எல்லாருக்கும் சொல்லிட்டு ஈக்காங்க."

பேனை கையிலிருந்து விழுந்தது. சொல்லி இன்னும் அரை மணித்தியாலம் ஆகவில்லை, அந்தப் பொய் அதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. பாயில் இருந்த ஏழெட்டுப் பெண்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போத்தல் போகிறது?

அவள் இறங்கினாள்.

"மிஸ்" என்றான் இராமையா. "ஹந்தானை?"

"தெரியும் இராமையா" என்றாள் அவள். அவனுடைய முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. அனீஸாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடினாள் என்றுதான் சொல்லவேண்டும்.

வீட்டுக்குள் போனதும், பாயில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் முன்னால், ஆஸியா உம்மாவின் எதிரே முழங்காலில் இருந்தாள்.

"உம்மா, நான் உங்களிட்டைப் பொய் சொல்லிப்போட்டன். வெள்ளிப் போத்தல் வெள்ளி விடியச் சஹருக்குக் குடுக்கவேண்டியது. வியாழன் பின்னேரம் குடுத்ததால ஒரே நாளில ரெண்டு போயிட்டுது. ஷிராஸின்ர நெஞ்சு தாங்கேல்லை. அது இழுப்பில்லை உம்மா."

ஓதல் நின்றது. ஆஸியா உம்மா விளங்காமல் பார்த்தாள்.

"மஃரிப் ஆன பொறகு தானே குடுத்த? அது வெள்ளி தானே, மகள்?"

"ஓம் உம்மா, உங்களுக்கு அது வெள்ளிதான். நீங்கள் பிழை விடேல்லை. நான்தான் விட்டனான். அண்டைக்கு இந்த வீட்டில வட்டிலப்பம் திண்டு சிரிச்ச நான், போத்தலில எழுதேக்க அதை நினைக்கேல்லை. சஹருக்கு எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தால் காணும். பிழை என்ர, முழுக்க என்ர. டொக்டரிட்டையும் சொல்லுவன்."

ஆஸியா உம்மாவின் உதடு அசைந்தது.

"அப்ப அந்தக் கொறட்ட?"

"அது நித்திரை இல்லை உம்மா. மூச்சு முட்டின சத்தம்."

"நான் பக்கத்துல தானே இருந்த. கேட்டுட்டுத் தானே இருந்த." அவள் கமலாசனியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுப்பி ஈந்தா? மகள், நான் எழுப்பி ஈந்தா?"

கமலாசனி வாயைத் திறந்தாள். இன்னொரு பொய் வரவில்லை. உண்மையும் வரவில்லை. இரண்டும் வராத அந்த வாயைப் பார்த்துக்கொண்டே இருந்த ஆஸியா உம்மா, மெல்லக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ ஒரு பெண் விம்மினாள். கைக்குழந்தை சிணுங்கியது.

பிறகு ஆஸியா உம்மா தலையை நிமிர்த்தி, வாசலில் உறைந்து நின்ற அனீஸாவைக் கூப்பிட்டாள்.

"இங்க வா. நான் சொன்னத மறந்துடு. போத்தல் எப்ப குடுப்பாய்? சொல்லு."

"சஹருக்கு" என்றாள் அனீஸா.

"ரெண்டாந்தரம் சொல்லு."

"சஹருக்கு மட்டும் தான், உம்மா."

"ஓம். பஹ்மி கொறட்ட விட்டா, நல்லாத் தூங்குறான் எண்டு சந்தோசப்பட்டுட்டு ஈக்காத. எழுப்பு. மொகத்துல தண்ணிய ஊத்தி எழுப்பு." அவள் அனீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏசினாலும் பரவால்ல, எழுப்பு புள்ள."